ஐந்தரை மாத ரயில் பயணம் நெல்லையில் முடிகிறது: கடைசி ஐந்து நாள் எங்கே சாப்பிட, எதைப் பார்க்க?

பாலாற்றுப் பெண் | வியாழன், பிற்பகல் 2.10

எல்லோருக்கும் வணக்கம். மாசி மாதம் வேலூரிலிருந்து தனியாகக் கிளம்பினேன். ஜோத்பூர், காசி, கல்கத்தா, குவாஹாத்தி என்று ஐந்தரை மாதம் ஓடிவிட்டது. இதை விவேக் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். திப்ருகரில் ஏறினேன். கன்னியாகுமரி வரை நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நம் நாட்டிலேயே நீளமான ஓட்டம் இதுதான். வழியில் காட்பாடி வந்தது. என் வீடு அங்கிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம். பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மஞ்சள் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை.

காரணம் இதுதான். அசாமில் ஒரு வீட்டில் புளிப்பு மீன் குழம்பு போட்டுச் சோறு கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மா, "உங்கள் தெற்கில் கடைசியில் இருப்பவர்கள் என்ன சாப்பிடுவார்கள்?" என்று கேட்டார். இட்லி, தோசை, எங்கள் ஊர் பிரியாணி, அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 36 வயது ஆகிறது, தெற்கே மதுரையைத் தாண்டியதில்லை. அன்று ராத்திரியே முடிவு செய்தேன், பயணத்தின் கடைசி ஊர் திருநெல்வேலி.

நாளை வெள்ளிக்கிழமை மதியம் நெல்லை வருவேன். அடுத்த புதன் ராத்திரி ரயில். அறை பதிவாகிவிட்டது. சாப்பாட்டுக்கும் சுற்றுவதற்கும் எட்டாயிரம் ரூபாய் மிச்சம் இருக்கிறது. உடம்பு களைத்திருக்கிறது. ஊர் ஊராக ஓட இனி முடியாது. எங்கே சாப்பிட வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், உள்ளூர்க்காரர்கள் சொல்லுங்கள்.

சாரல்_சீசன் | வியாழன், பிற்பகல் 2.35

அக்கா, ஆடி மாதம் நெல்லைக்கு வந்துவிட்டுக் குற்றாலம் போகாமல் திரும்பினால் அது பெரிய நஷ்டம். பக்கத்து ஊரான தென்காசி நெல்லையிலிருந்து 55 கிலோமீட்டர்தான். மெயினருவி, ஐந்தருவி, பழைய அருவி எல்லாம் இப்போது கொட்டும். சாயங்காலம் சாரலில் நனைந்துகொண்டே பிரானூர் பார்டர் வந்தால் பரோட்டா, நாட்டுக்கோழி, மிளகு சிக்கன். சனி, ஞாயிறு இரண்டு நாளையும் இதற்கு ஒதுக்குங்க.

டவுன்காரன் | வியாழன், மாலை 4.50

தம்பி சாரல், நீ சொல்வது எல்லாம் உண்மை. ஆனால் சனி, ஞாயிறு சீசன் கூட்டத்தில் அருவிக்கு வரிசையில் நிற்பது அந்தத் தங்கச்சிக்கு இன்னொரு பயணம். "ஓட முடியாது" என்று அவரே எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, நான் டவுனில் பிறந்து வளர்ந்தவன், வடக்கு ரத வீதிப் பக்கம் வீடு. ஒன்று சொல்கிறேன், மனதில் வையுங்கள். எங்கள் ஊரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் நின்றால் போதும், ஊரே வந்து தட்டில் விழும். நேரம் தப்பிப் போனால் அதே கடை, அதே பண்டம், ஆனால் ருசி இருக்காது.

விடிகாலை ஆற்றுக்கு. குறுக்குத்துறை முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெரிய வெள்ளம் வந்தால் மூழ்கும், வடிந்தால் கழுவிவிட்டு மறுபடி விளக்கேற்றுவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அடித்த வெள்ளத்திலும் அப்படித்தான், அந்தத் தடவை ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள்ளேயே ஆறு வந்துவிட்டது. காலை ஆறரைக்கு அந்தப் படித்துறையில் உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம் ஒரு கருப்பட்டிக் காபி. காலையில் ஆறிப்போவதற்குள் குடிக்க வேண்டும். மத்தியானம் சாப்பாட்டை பாளையங்கோட்டைப் பக்கம் ஏதாவது மெஸ்ஸில் வையுங்கள், கூட்டாஞ்சோறு கிடைக்கிற கிழமையைக் கேட்டுக்கொண்டு போங்கள். நாலு மணிக்கு நெல்லையப்பர் கோவில் நடை திறக்கும். உள்ளே போய்விட்டு ஐந்து, ஐந்தரைக்குக் கிழக்குக் கோபுர வாசலில் வெளியே வந்தால் எதிரே இருட்டுக்கடை, அல்வாவுக்குப் பேர்போன கடை. சாயங்காலம் மட்டும்தான் வியாபாரம், கிண்டியது தீர்ந்தால் கதவை அடைத்துவிடுவார்கள். ராத்திரி எட்டரைக்கு மேல் வாகையடி முக்கு, சந்திப் பிள்ளையார் முக்கு என்று நடந்தாலே பரோட்டாக் கல் சத்தம் கூப்பிடும்.

ஒரே நாளில் இவ்வளவையும் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு நேரம் பிடியுங்கள்.

கப்பல்காரன் | வியாழன், இரவு 10.15

நான் சரக்குக் கப்பலில் வேலை. ஒரு தடவை ஏறினால் எட்டு மாதம், ஒன்பது மாதம். இறங்கி வந்ததும் ஆசையில் முதல் நாளே அல்வா, பிரியாணி என்று தின்று இரண்டு முறை படுக்கையில் விழுந்திருக்கிறேன். ஆள் ஊருக்கு வந்தாலும் வயிறு வந்து சேர இரண்டு நாள் ஆகும். வெள்ளி மத்தியானம் நல்ல மோர்ச் சோறு, கூட ஒரு மோர் மிளகாய், அதோடு நிறுத்துங்கள். ராத்திரி இட்லி. சனிக்கிழமை முதல் நீங்கள் கேட்டதையெல்லாம் வயிறு தாங்கும்.

கரையில் இறங்கினால் இப்போதெல்லாம் என் முதல் சாப்பாடு பழைய சோறும் சின்ன வெங்காயமும்தான். அந்தப் புளித்த தண்ணீர் தொண்டையில் இறங்கும்போதுதான் வீட்டுக்கு வந்த நினைப்பே வரும்.

பாளை டீச்சர் | வியாழன், இரவு 10.40

நெல்லையில் சாப்பிட வேண்டியது என்றால் நான் முதலில் சொல்வது சொதிதான். யாரும் எழுதவில்லையே! தேங்காய்ப்பாலில் செய்கிற குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம், அதனால் மாப்பிள்ளைச் சொதி என்றே சொல்வோம். கூடவே இஞ்சித் துவையல் இருக்கும். தேங்காய்ப்பால் மந்தம், இஞ்சி அதைக் கரைக்கும்.

சிக்கல் என்னவென்றால் இது ஆடி. ஆடியில் கல்யாணம் கிடையாது, எங்கேயும் மறுவீடு இல்லை. சில உணவகங்களில் எப்போதாவது போடுகிறார்கள், ஆனால் பாலை ஒன்றாகக் கலந்து கொதிக்க வைத்ததைச் சொதி என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அத்தையிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்கள். தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன்.

மேலப்பாளையம் மகன் | வெள்ளி, காலை 7.20

அக்கா, எங்கள் பக்கமும் வாங்க. நெய்ச்சோறும் தால்ச்சாவும் சாப்பிடாமல் நெல்லையைச் சாப்பிட்டதாகக் கணக்கு வராது. குழம்பை நாங்கள் ஆணம் என்போம். திங்கள் மத்தியானம் தோதுப்படுமா? நல்ல கடை ஒன்று கை காட்டுகிறேன்.

பாலாற்றுப் பெண் | வெள்ளி, இரவு 9.30

வந்து சேர்ந்தேன். எல்லோருக்கும் நன்றி. டீச்சர், உங்கள் செய்தியைப் படித்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு கட்டாயம் வருகிறேன்.

கன்னியாகுமரியிலிருந்து வந்த பஸ்ஸில் ஆரல்வாய்மொழி தாண்டும்போது ஆடிக் காற்று பஸ்ஸையே ஒரு பக்கமாகத் தள்ளியது. இரண்டு பக்கமும் காற்றாலைகள். கண்டக்டர், "இந்தக் காத்துக்கு நாங்க பழகிட்டோம், நீங்க ஜன்னல சாத்திக்கோங்க" என்றார். நான் சாத்தவில்லை.

கப்பல்காரர் அண்ணன் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. மதியம் மோர்ச் சோறுதான் சாப்பிட்டேன். ஆனால் சாயங்காலம் ஆசை தாங்காமல், பெயர்ப்பலகை பார்த்து ஒரு கடையில் கால் கிலோ அல்வா வாங்கிவிட்டேன். பெயர் ஒன்றிரண்டு எழுத்துதான் வேறு, அறைக்கு வந்து பார்த்தபிறகுதான் கவனித்தேன். வாயில் போட்டால் மேல் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது. நெய் வாசனை இல்லை, டால்டா வாசனை. ஐந்தரை மாதம் காத்திருந்து முதல் வாய் இப்படி ஆனதில் அழுகை வந்துவிட்டது. இதுதான் நெல்லை அல்வாவா?

டவுன்காரன் | வெள்ளி, இரவு 9.42

இல்லை, இல்லை. அது இல்லை தங்கச்சி. பெயரை ஒத்த பலகைகள் ஊரில் நிறைய, வெளியூர்க்காரர்கள் மாட்டுவது வழக்கமாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பெயரை வைத்து இப்படி விற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதைத் தூக்கிப் போடுங்கள். நாளை ஐந்து மணிக்கு நான் சொன்ன இடத்தில் நில்லுங்கள். கால் கிலோ வேண்டாம், முதலில் நூறு கிராம் கேளுங்கள், சூடாக, கையிலேயே.

துடுப்பு | வெள்ளி, இரவு 11.05

என் அப்பா டவுனில் ஒரு கடையில் இருபத்திரண்டு வருஷம் அல்வா கிண்டியவர். அக்காவின் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லதுக்கும் கெட்டதுக்கும் என்ன வித்தியாசம்னு அந்தப் பிள்ளைக்கு எழுது" என்றார். எழுதுகிறேன்.

சம்பா கோதுமையை ஊற வைத்து அரைத்துப் பால் பிழிய வேண்டும். சக்கையில் இன்னும் பால் இருக்கும், தண்ணீர் விட்டு மறுபடி பிழிவார்கள். அந்தப் பாலை ஒரு ராத்திரி அசையாமல் வைத்தால் கெட்டி அடியில் தங்கிவிடும், மேலே புளித்த தண்ணீர் நிற்கும். அதை இறுத்துவிட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் அல்வாவில் ஒரு புளிப்பு வரும், எவ்வளவு நெய் ஊற்றினாலும் போகாது. பிறகு சீனி, பால், நெய். அடுப்பில் ஏற்றியபின் துடுப்பை நிறுத்தக் கூடாது. நெய்யை ஒரே தடவையாக ஊற்றவும் கூடாது, அல்வா குடிக்கக் குடிக்க விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் "போதும்" என்று அதுவே நெய்யைக் கக்க ஆரம்பிக்கும், அப்போதுதான் பதம். அந்தச் சிவந்த நிறம் சீனி காய்ந்து வருவது, பொடி போட்டு வருவதில்லை.

தாமிரபரணித் தண்ணீரால்தான் இந்த ருசி என்று எல்லோரும் சொல்வார்கள். அப்பாவிடம் கேட்டால், "தண்ணியும் உண்டு, கையும் உண்டு" என்பார். அவருடைய வலது கை இப்போது தோளுக்கு மேல் உயராது. தலை சீவ அம்மா உதவி செய்கிறார்.

இன்னொன்று. இருட்டுக்கடைக்காரர்கள் வடக்கேயிருந்து வந்த சிங் குடும்பம். சொக்கம்பட்டி ஜமீன் அழைத்து வந்ததாக ஊரில் சொல்வார்கள். நீங்கள் ராஜஸ்தான் போய் வந்தவர் ஆயிற்றே, அதனால் சொல்லத் தோன்றியது. இந்த அல்வாவும் உங்களை மாதிரித் தூரத்திலிருந்து பயணம் செய்து வந்துதான் இங்கே தங்கியது.

பாலாற்றுப் பெண் | சனி, இரவு 10.20

துடுப்பு தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இன்று வரிசையில் நின்றபோது அவர் தோள்தான் நினைவில் இருந்தது.

நாலு மணிக்குக் கோவிலுக்குள் போனேன். நெல்லையப்பர் சன்னதியிலிருந்து காந்திமதியம்மன் சன்னதிக்குப் போகிற சங்கிலி மண்டபம், 1647ல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியது என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னார். நீண்ட கல் நடை, கால் குளிர்கிறது, வெளியில் அடித்த காற்று உள்ளே மெதுவாகி வருகிறது. மணி மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய ஒல்லித் தூண்கள் கட்டுக்கட்டாக நிற்கின்றன, தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம் என்றார்கள். நான் தட்டவில்லை. தட்டித் தட்டித் தேய்ந்த இடங்களைப் பார்த்ததே போதுமென்று இருந்தது. தாமிர சபையின் மர வேலைப்பாட்டின் முன்னால்தான் அதிக நேரம் உட்கார்ந்தேன். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று செம்புச் சபை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது. அது ஒரு மரக்கூரையின் கீழ் இப்படி அமைதியாக இருக்கும் என்று தெரியாது.

ஐந்தேகாலுக்கு வெளியே வந்தேன். கடை திறந்திருந்தது, வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. முன்னால் ஒரு பாட்டி, பேரனைக் கையில் பிடித்தபடி. பின்னால் யூனிபாரத்தோடு ஒரு நர்ஸ். இருபது நிமிஷம் ஆனது. நூறு கிராம் கேட்டேன். இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். இலை வழியாகவே உள்ளங்கை சுட்டது. விரலால் எடுத்தால் நீண்டு வந்து தானாக அறுந்தது. மெல்ல வேண்டிய வேலையே இல்லை, நாக்கில் பட்டு வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு நெய் வாசனை மெதுவாகத் தொண்டையிலிருந்து மேலே வந்தது. இலையில் மிச்சமிருந்த நெய்யைக் கையில் தடவிக்கொண்டேன். பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்து, "மொத தடவையா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப இன்னொரு நூறு வாங்கிக்கோ" என்றார். வாங்கினேன்.

நேற்று வாங்கியதை இப்போது நினைக்கக்கூட மனமில்லை.

டவுன்காரன் | சனி, இரவு 10.31

இதைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கோவில் யானையைக் கேட்பீர்களோ என்று நினைத்தேன். எங்கள் காந்திமதி 2025 ஜனவரியில் போய்விட்டாள். அவள் நின்ற இடத்தைத் தாண்டும்போது இன்னமும் என் மகள் நடையை மெதுவாக்குவாள்.

ஆற்றோரம் | ஞாயிறு, காலை 8.00

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள், நானும் சொல்வேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை முழுக்க நம் மண்ணிலேயே ஓடுகிற ஆறு இது, வருஷம் முழுக்கத் தண்ணீர் உண்டு. ஆனால் ஊருக்குள் வந்ததும் சாக்கடை கலக்கிறது, மறைத்துப் பயனில்லை. கொக்கிரகுளத்துப் பக்கம் பாலத்திலிருந்து ஆற்றைப் பாருங்கள், குளிக்காதீர்கள். 1843ல் திறந்த சுலோசன முதலியார் பாலம் அது. ஒரு தனிமனிதர் கைப்பணம் போட்டுக் கட்டியது. அப்படிப்பட்டவர்கள் வாழ்ந்த ஊரில் ஆற்றைச் சுத்தமாக வைக்க இவ்வளவு வருஷம் போராட வேண்டியிருக்கிறதே என்ற ஆதங்கம் எனக்கு. குளிக்க வேண்டுமென்றால் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் மேலே போங்கள்.

பாலாற்றுப் பெண் | ஞாயிறு, இரவு 8.45

ஆற்றோரம் அண்ணா, நான் பாலாற்றங்கரைக்காரி. எங்கள் ஆற்றில் நான் அதிகம் பார்த்தது மணலும் முள்ளும்தான். பாலத்தில் நின்று கீழே தண்ணீர் ஓடுவதை அரைமணி நேரம் பார்த்தேன். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

இன்று டீச்சர் வீடு. எழுதலாமா என்று கேட்டேன், டீச்சரின் அத்தை (நான் ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறேன்) சம்மதம் கொடுத்துவிட்டார்.

நான் போனபோது ஆச்சி தேங்காய் துருவி முடித்திருந்தார். மூன்று சட்டி வரிசையாக இருந்தன. தண்ணீர் சேர்க்காத முதல் பாலை வெள்ளைத் துணியில் பிழிந்து ஒன்றில். வெந்நீர் தெளித்து இரண்டாம் பால். மறுபடி பிழிந்த மூன்றாம் பால் கிட்டத்தட்டத் தண்ணீர். அந்த மூன்றாம் பாலில்தான் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் வெந்தன. வெந்த பாசிப்பருப்பு, வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, அரைத்த இஞ்சி பச்சைமிளகாய். அதன்மேல் இரண்டாம் பால். காய் குழைந்து ஒன்றோடொன்று சேர்ந்தபின்தான் முதல் பாலைக் கையில் எடுத்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இத ஊத்தின பொறவு கொதிக்கப்பிடாது, கேட்டியா? நொர கூடுதப்ப எறக்கிரணும். கொதிச்சா திரிஞ்சிரும்" என்றார். சட்டி ஓரத்தில் வெள்ளை நுரை மோதிரம் மாதிரி கூடியதும் இறக்கிவிட்டார். எலுமிச்சையை அப்போது பிழியவில்லை. கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து பிழிந்தார்.

இலையில் சோறு, சொதி, உருளைக்கிழங்கு வறுவல், ஓரத்தில் கறுப்பாக இஞ்சித் துவையல். முதல் கவளம் இனிப்போ என்று நினைத்தேன், பச்சைமிளகாய் பின்னால் வந்தது, துவையலைத் தொட்டதும் உறைப்பு, புளிப்பு, கருப்பட்டி எல்லாம் சேர்ந்து அந்தப் பாலை வெட்டிக்கொண்டு போனது. மூன்று முறை சோறு வாங்கினேன். ஆச்சி கேட்டார், "கல்யாணமாகாத பிள்ளைக்கு மறுவீட்டுச் சொதி போட்டாச்சு, நீ எந்த வீட்டுக்கு மருமவளாப் போகப்போறே?" டீச்சர் சங்கடப்பட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஐந்தரை மாதத்தில் எத்தனையோ வீடுகளில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறேன். தட்டைக் கழுவ அடுப்படிக்குள் விட்டது இந்த வீட்டில்தான்.

அசாம் அம்மாவுக்குப் படம் அனுப்பி, "எங்கள் தெற்கில் இதைச் சாப்பிடுவார்கள்" என்று எழுதினேன்.

பாளை டீச்சர் | ஞாயிறு, இரவு 9.10

அத்தை இன்னும் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கிளம்புவதற்குள் ஒரு நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து தர வேண்டுமாம். பெரியவளான பெண்களுக்கு இடுப்பு பலத்துக்குக் கொடுப்பது. இத்தனை மாதம் பை சுமந்த முதுகுக்கு அது வேண்டும் என்கிறார்கள். செவ்வாய் காலை டப்பாவில் கொடுத்துவிடுகிறேன்.

சாரல்_சீசன் | ஞாயிறு, இரவு 9.25

சரி, சொதிக்கு முன்னால் நான் வாதாட மாட்டேன். ஆனால் செங்கோட்டை ரயிலில் ஒரு தடவையாவது ஏறுங்க அக்கா. பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை என்று போகப் போக மலை பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். அருவிக்கு வர வேண்டாம், அந்த ஜன்னலில் உட்கார்ந்தால் போதும்.

பாலாற்றுப் பெண் | திங்கள், இரவு 9.00

உட்கார்ந்தேன் தம்பி. வயல், வாழைத் தோட்டம், அதற்கு மேல் நீலமாக மலை, மலைமேல் மேகம் இறங்கி நிற்கிறது. காருகுறிச்சிப் பலகை வந்ததும் எதிரில் இருந்த ஒரு அண்ணாச்சி, "நாதஸ்வரம் அருணாசலம் ஊரு இது. 1964ல போயிட்டாரு, இன்னும் எங்க வீட்டுக் கல்யாணத்துல அவர் வாசிச்சதத்தான் போடுதோம்" என்றார். கைபேசியில் எடுத்துப் போட்டும் காட்டினார். பெட்டியில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அம்பை வரை போய் ஆற்றில் முங்கிவிட்டு, திரும்பும் வழியில் சேரன்மகாதேவியில் இறங்கிப் பத்தமடை போனேன். பாய் நெய்கிற ஒரு வீட்டில் பார்க்க விட்டார்கள். கோரையைக் கீறி ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி நூல் மாதிரி கீறுகிறார்கள். பாவு நூலுக்குள் ஒவ்வொரு கோரையாகச் செலுத்தி அடித்து இறுக்குகிற அந்த அம்மாவின் கண் என் பக்கம் திரும்பவே இல்லை. 1953ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனது என்றார். கல்யாணப் பாய் ஒன்றில் மாப்பிள்ளை, பெண் பெயர் பாதி வரை நெய்திருந்தது, ஆவணியில் முகூர்த்தமாம். பட்டுப்பாய் என் கைக்கு எட்டாது. சாதாரணக் கோரைப்பாய் ஒன்று வாங்கினேன். மடித்துச் சுருட்டி வைத்தால் முழங்கை நீளம்.

மேலப்பாளையம் தம்பி, இன்று முடியவில்லை, மன்னித்துவிடுங்கள். நாளை மத்தியானம் வரட்டுமா?

மேலப்பாளையம் மகன் | திங்கள், இரவு 9.04

வாங்க அக்கா. பன்னிரண்டரைக்குள் வந்துவிடுங்கள், ஒரு மணிக்கு மேல் தால்ச்சா தீர்ந்துவிடும்.

டவுன்காரன் | செவ்வாய், காலை 10.15

தங்கச்சி, இன்று ஆடிச் செவ்வாய். என் மனைவியின் ஊர்ப் பக்கம் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. ராத்திரி வில்லுப்பாட்டு. வீட்டுப் பெண்கள் எல்லோரும் போகிறார்கள், வேனில் ஒரு இடம் இருக்கிறது. உங்கள் கடைசி ராத்திரி இதுதானே?

பாலாற்றுப் பெண் | புதன், மாலை 6.30

ஜங்ஷன் நடைமேடையில் உட்கார்ந்திருக்கிறேன். ரயிலுக்கு நேரம் இருக்கிறது. ராத்திரி தூங்கவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நெய்ச்சோறும் தால்ச்சாவும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சாப்பிட்டேன். பிரியாணி ஊர்க்காரி என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தத் தால்ச்சாவில் எலும்பும் பருப்பும் மாங்காயும் சேர்ந்து வெந்த ருசிக்கு எங்கள் ஊரில் ஜோடி இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன்.

ராத்திரி கொடை. கோவில் சின்னது, பந்தல் பெரியது. மூங்கில் கட்டிய ட்யூப்லைட் வரிசை வயல் வரை போனது. மேடையில் ஆள் நீளத்துக்கு மேல் ஒரு வில், அதில் வரிசையாக மணிகள். நடுவில் உட்கார்ந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், இரண்டு கையிலும் வீசுகோல். ஒருவர் குடத்தின் வாயில் தட்டியால் அடிக்கிறார், ஒருவர் உடுக்கை. அந்த அம்மா ஒரு வரி சொல்லி நிறுத்தினால் பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போடுகிறார்கள். அம்மனின் கதை. எனக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. பக்கத்தில் டவுன்காரர் அண்ணாச்சியின் மாமியார், "இப்ப பொறப்பு சொல்லுதா", "இப்ப சண்ட வரும் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு மணிக்குப் பானக்காரம் கொண்டு வந்தார்கள், புளியும் கருப்பட்டியும் சுக்கும். அது இறங்கியதும் தூக்கம் பறந்தது.

மூன்று மணிக்கு மேல் பாட்டு வேகமானது. வீசுகோல் வில்லில் விழ விழ, மணிச் சத்தம் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே மழை மாதிரி ஆயிற்று. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து ஆடத் தொடங்கினாள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார், நானும் விடவில்லை. கிளம்பிய நாளிலிருந்து எத்தனையோ ஊர்த் திருவிழாவை ஓரத்தில் நின்று படம் எடுத்திருக்கிறேன். நேற்று கைபேசி வேனிலேயே கிடந்தது, எனக்கு ஞாபகமே வரவில்லை.

விடிந்ததும் படைப்புச் சோறு. வேனில் வரும்போது ஆச்சி கொடுத்தனுப்பிய உளுந்தஞ்சோறு டப்பாவை எல்லோரும் பகிர்ந்துகொண்டோம்.

மேற்கே மேகம் இறங்கியிருக்கிறது. பையில் ஒரு கிலோ அல்வா, பாய், கருப்பட்டி இரண்டு வட்டு. எட்டாயிரத்தில் நானூற்றிப் பத்து ரூபாய் மிச்சம்.

கப்பல்காரன் | புதன், இரவு 7.15

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் தங்கச்சி. அல்வாவை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், கெட்டியாகிவிடும். வெளியிலேயே சில நாள் தாங்கும். சாப்பிடும்போது வேண்டியதை மட்டும் லேசாகச் சூடு பண்ணினால் நெய் இளகும்.

பாலாற்றுப் பெண் | வெள்ளி, பிற்பகல் 12.40

நேற்றுக் காலை வீட்டுக்கு வந்தேன். அம்மா அல்வா பொட்டலத்தைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கிண்ணத்தில் எடுத்துக் கொடுக்கப் போனார். நான் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். புதுக் கோரை வாசனை. சாயங்காலம் வரை தூங்கியிருக்கிறேன், அம்மா எழுப்பவில்லை.

வரும் ஞாயிறு சொதி வைக்கப் போகிறேன். டீச்சர், இரண்டு தேங்காய்க்கு மூன்றாம் பால் எத்தனை டம்ளர் பிழியலாம்?

பாளை டீச்சர் | வெள்ளி, பிற்பகல் 1.05

அத்தை சொல்வதை அப்படியே எழுதுகிறேன். நாலு டம்ளர் போதும், காய் முங்கினால் சரி. முதல் பாலை ஊற்றும்போது அடுப்புப் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பாயைத் தண்ணீரில் முக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைத்து நிழலில் காய வை.